அரியலூர்க் கல்லும் ஜூரோங் நோட்டுப் புத்தகமும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குத் திருச்சியிலேயே இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் ரொம்பச் சந்தோஷம், ரயிலிலேயே போய்வந்துவிடலாம், அம்மாவும் தனியாக இருக்க வேண்டியதில்லை. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை, அடுத்த முறை மறக்காமல் எழுது. நாங்கள் நலம். இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் தீபாவளிக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது, சனிக்கிழமை அந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. எனக்கு அதே எம்ஆர்டி ரயில் வேலைதான், சுரங்கப்பாதை போகப்போகிற இடங்களில் துளையிட்டு, வரும் மண்ணையும் பாறையையும் ஆழம் எழுதிப் பெட்டிகளில் அடுக்குவது.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இங்கே தொல்லுயிர் எச்சங்கள் பற்றிப் பொதுமக்களுக்கான ஒரு கருத்தரங்கு நடந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பொழுதுபோக்காகக் கல் பொறுக்குகிறவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது, அவ்வளவுதான் ஏற்பாடு. சின்னவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு டைனோசர் என்றால் உயிர், லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு எத்தனை தடவை போனாலும் அவனுக்குச் சலிப்பதில்லை. அங்கே 2015-லிருந்து மூன்று நீள்கழுத்து டைனோசர்களின் எலும்புக்கூடுகளை வைத்திருக்கிறார்கள், பிரின்ஸ், அப்பொலோனியா, ட்விங்கி என்று பெயர். அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டி எடுத்தவை, சுமார் 15 கோடி ஆண்டு பழையவை. பிரின்ஸ் மட்டும் 27 மீட்டர் நீளம்.

உரைகளெல்லாம் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் என்னை நிறுத்திவைத்தது பின்வரிசையில் போட்டிருந்த ஒரு மேசை. யார் வேண்டுமானாலும் தாங்கள் எடுத்ததைக் கொண்டுவந்து காட்டலாம், ஆய்வாளர் ஒருவர் பார்த்துச் சொல்வார். ஒரு சீனப் பெரியவர் வந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார். உள்ளே பஞ்சு வைத்துச் சாம்பல் நிறக் கல் துண்டுகள், ஒன்றில் சிப்பியின் அச்சு, விரல் நகம் அளவுதான், வரிவரியாகத் தெளிவாகத் தெரிந்தது. இளவயதில் ஜூரோங்கில் தொழிற்சாலைகளுக்காகக் குன்றுகளை வெட்டிச் சமன் செய்துகொண்டிருந்தபோது வேலைக்குப் போன இடத்தில் பொறுக்கியதாம். ஜூரோங் பக்கத்துப் படிவுப் பாறைகளில் டைனோசர் காலத்துச் சிப்பிகளும் செடிகளும் முன்பும் கிடைத்திருக்கின்றன, அதனால் சிப்பியைப் பார்த்து அந்த ஆய்வாளர் பெரிதாக அதிசயிக்கவில்லை. டின்னுக்கு அடியிலிருந்து பெரியவர் ஒரு சின்ன நோட்டை எடுத்தார் பார், அப்போதுதான் ஆய்வாளர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண், தேதி, எந்தச் சாலை முனையிலிருந்து எத்தனை அடி தள்ளி, மேலிருந்து எத்தனையாவது அடுக்கு, அந்த அடுக்கின் நிறம், பென்சிலால் ஒரு கோட்டுப்படம். அந்தக் குன்று இப்போது இல்லை, அங்கே கட்டடங்கள்தான் நிற்கின்றன. இனி யாரும் போய்ப் பார்க்க முடியாத ஒரு பாறை அடுக்கைப் பற்றிய தகவல் அந்தப் பென்சில் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. அனுமதி கேட்டு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது உன் வீட்டுத் திண்ணைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அரியலூர்ச் சுரங்கத்திலிருந்து நீ கொண்டுவந்து வரிசையாக வைத்திருக்கும் அம்மோனைட்டுகள், கல்லாகிப்போன அந்தப் பழங்காலக் கடல் உயிர்களின் சுருள் ஓடுகள், அதிலும் தட்டு அளவுக்குச் சுருண்டு கிடக்குமே அந்தப் பெரியது. சுரங்கத்தில் படிபடியாக வெட்டியிருக்கும் எந்த பெஞ்சிலிருந்து எடுத்தாய், மேலடுக்கா கீழடுக்கா, என்று உனக்கு இப்போது ஞாபகம் இருக்கும். பத்து வருஷம் கழித்து இருக்குமா? வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்றொன்றாகக் கொடுத்துவிடுகிறாய், அது உன் நல்ல மனசு, ஆனால் எங்கே கிடந்தது என்ற குறிப்பு இல்லாமல் கைமாறிய அம்மோனைட் ஒரு அழகான கல், அவ்வளவுதான். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அதை வைத்து ஒரு காலத்தில் நம் ஊரை மூடியிருந்த கடல் எப்போது உள்ளே வந்தது, எப்போது பின்வாங்கியது என்று பேச முடியும்.

வெறும் சுரங்கத் தொழிலாளி எழுதிவைத்து என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்பாய் என்று தெரியும். இங்கிலாந்தில் வில்லியம் வாக்கர் என்று ஒருவர், தொழில் பிளம்பர், ஓய்வு நேரத்தில் எச்சங்கள் தேடுகிறவர். 1983-ல் சரே பகுதியில் செங்கலுக்குக் களிமண் வெட்டும் குழி ஒன்றில் ஒரு பெரிய நகத்தை எடுத்தார், நுனி உடைந்திருந்ததால் திரும்பப் போய்த் தேடி அதையும் எடுத்தார். ஏறக்குறைய ஒரு அடி நீளம். லண்டன் அரும்பொருளகத்துக்குத் தகவல் போனது, இடம் சரியாகத் தெரிந்ததால் அவர்கள் அங்கேயே போய்த் தோண்டினார்கள், எலும்புக்கூட்டின் பெரும்பகுதி கிடைத்தது. மீன் தின்னும் டைனோசர், 1986-ல் பேரியோனிக்ஸ் வாக்கரி என்று அவர் பெயரையே சேர்த்து வைத்தார்கள். இன்னும் சமீபத்தில், 2020-ல், சாமர்செட் கடற்கரையில் ஒரு அப்பாவும் 11 வயது மகளும் தாடை எலும்புத் துண்டுகளைக் கண்டுபிடித்து ஆய்வாளர்களுக்கு எழுதினார்கள். சுமார் 25 மீட்டர் இருந்திருக்கக்கூடிய ஒரு கடல் ஊர்வன, இக்தியோடைட்டன், 2024-ல் அதை அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் அந்த இருவரும் இணை ஆசிரியர்கள்.

மறுபக்கமும் உண்டு. 1956-ல் டீனா நெகஸ் என்ற பள்ளி மாணவி இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் பாறையில் இலை போன்ற ஒரு அச்சைப் பார்த்து ஆசிரியையிடம் சொன்னாள். அவ்வளவு பழைய பாறையில் உயிரின் தடயம் இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் ரோஜர் மேசன் என்ற பையன் அதையே பார்த்தான், அவன் சொன்னது ஆய்வாளரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது, அந்த ஆதி உயிருக்கு அவன் பெயரைச் சேர்த்துச் சார்னியா மேசோனி என்று பெயர் வந்தது. அந்தப் பெண் சொன்னதை யாராவது ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் கண்டுபிடித்து என்ன பயன் செல்வம், அதற்காகத்தான் இந்த மாதிரி மேசை ஒவ்வொரு ஊரிலும் வேண்டும் என்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கத்துக் கற்களை 1840-களில் முதலில் சேர்த்து லண்டனுக்கு அனுப்பிய கேயும் கன்லிஃபும் மதராஸ் சிவில் அதிகாரிகள், கல் அவர்களுடைய உத்தியோகம் இல்லை. இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை 1846-ல் விவரித்தார், அப்புறம்தான் ஸ்டாலிச்கா போன்ற தொல்லுயிர் ஆய்வாளர்கள் வந்தார்கள். நம் பக்கத்துக் கல்லமேட்டுக் கதை உனக்கே தெரியும். 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்ட அந்தப் பிரம்மாண்ட டைனோசர், கால் எலும்பே இரண்டு மீட்டர். எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன, மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும், அவற்றை வைத்துத்தான் இன்றுவரை விவாதிக்கிறார்கள். அந்தக் குறிப்புகளும் இல்லாமல் போயிருந்தால் அப்படி ஒரு விலங்கைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது. 2020-ல் குன்னத்தில் ஏரி தோண்டும்போது உருண்டைக் கற்கள் வந்து, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டதே, கடைசியில் முட்டை இல்லை என்றார்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பரபரப்பு ஒரு நல்ல பாடமாகியிருக்கும். இங்கே அந்த மேசையில் ஒரு சிறுமி கொண்டுவந்த உருண்டைக்கும் அதே முடிவுதான், ஆனால் லென்ஸை அவள் கையிலேயே கொடுத்து, முட்டையாக இருந்தால் ஓடு எங்கே என்று அவளையே தேடச் சொன்னார்கள். இல்லை என்று அவளே சொன்னாள், முகம் வாடவே இல்லை.

அதனால் உன்னிடம் கேட்பது இதுதான். முதலில் ஒரு நோட்டு வாங்கு. திண்ணையில் இருப்பதற்கெல்லாம் ஞாபகம் இருக்கிறவரை எழுது, கல்லின் அடியில் சின்னதாக எண் போடு, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துப் படம் எடு. இனி எடுப்பதற்கு ஃபோனில் இடத்தையும் குறித்துக்கொள், மேலாளரிடம் சொல்லிவிட்டுச் செய். அப்புறம், வாரணவாசி அரும்பொருளகத்தில் ஒருநாள் இப்படி மேசை போட முடியுமா என்று விசாரி. கல்லூரி நிலவியல் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தாலே போதும், டிப்பர் ஓட்டுகிற பையன்களையும் கூப்பிடு, அவர்கள் பார்த்த அளவுக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் அந்த வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். தேதியை மட்டும் சீக்கிரம் சொல், டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது.

அன்புடன்,
ரவி