கேட்டுவிட்டது என்று சொல்லும் விளக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்பாவுக்கு நடமாட்டம் குறைந்து மாடி அறையிலேயே இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும், அம்மாவுக்காக நான் செய்து வைத்திருப்பதைப் பற்றி உனக்கு உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது.

இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா முன்னறையில் படுத்திருக்கிறாள். முதலில் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்று வாங்கி வைத்தோம். மணி அடித்தது, ஆனால் அது யார் காதிலாவது விழுந்ததா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. மறுபடி மறுபடி அழுத்துவாள். சில நாள் அழுத்தாமலேயே தாகத்தைப் பொறுத்துக்கொண்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது இஎஸ்பி32 என்ற, கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் சின்ன மின்னணுப் பலகைகள் இரண்டு ரவுட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. இணையம் போனாலும் கவலையில்லை. கட்டிலோரம் மூன்று பொத்தான்கள். அடுப்படியில், மெமரி கார்டில் உள்ள ஒலியை ஓட்டும் டிஎஃப்பிளேயர் மினி என்ற சின்ன பிளேயரும் ஒரு ஸ்பீக்கரும். அம்மாவின் குரலையே பதிவு செய்து மெமரி கார்டில் போட்டிருக்கிறேன். “தண்ணீர் கொண்டு வா, கண்ணா” என்று கேட்கும்போது, எதற்குக் கூப்பிடுகிறாள் என்று போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

நான் மிகவும் மெனக்கெட்டது பதில் விளக்குக்குத்தான். பிளேயரில் ‘பிஸி’ என்றொரு முனை உண்டு. ஒலி ஓடும்போது அதன் மின்னழுத்தம் இறங்கும். அது இறங்கிய பிறகே அடுப்படிப் பலகை பதில் அனுப்பும், கட்டிலோரத்தில் பச்சை விளக்கு எரியும். கார்டு கழன்றிருந்தால் எரியாது. நாங்கள் ‘வருகிறேன்’ பொத்தானை அழுத்தினால் விளக்கு சிமிட்டும். இப்போதெல்லாம் அம்மா ஒருமுறைதான் அழுத்துகிறாள்.

நீ செய்வதானால், பலகையின் கட்டளையைப் பிளேயர் வாங்கும் ஆர்எக்ஸ் கம்பியில் 1 கிலோ ஓம் மின்தடை போடு, இரைச்சல் குறையும். மின்வெட்டுக்குப் பவர் பேங்கை நம்பாதே. இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். உன் வீட்டில் நடுவே கான்கிரீட் தளம் வேறு இருக்கிறது, பலகைகள் பேசிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் தளர்ந்துபோகும். படிக்கட்டுத் திருப்பத்தில் செய்தியை வாங்கிக் கடத்த மூன்றாவது பலகை தேவைப்படலாம்.

பொங்கலுக்கு வரும்போது பலகைகளைக் கொண்டு வருகிறேன். அதற்குள் அப்பா எதற்கெல்லாம் கூப்பிடுகிறார் என்று கவனித்து எழுது. பொத்தான்கள் எத்தனை என்பதை அதை வைத்து முடிவு செய்வோம். அவர் குரலையும் கைப்பேசியில் பதிந்து அனுப்பு.

அன்புடன்,
உன் தோழன்