செயலாளர் ஆண்டறிக்கை: இளம்பெண்கள் பதிவுக் குழுவின் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தோழர்களே, பதிவுக் குழுவின் தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சட்ட உதவி முகாம், நூலகம், கிராம சபைக்கான தயாரிப்பு ஆகியவை வழக்கம்போல நடந்தன. அவற்றின் விவரமும் வரவு செலவும் பொருளாளரின் அறிக்கையில் உள்ளன. நான் இந்த அறிக்கையைப் பதிவுக் குழுவுக்கே ஒதுக்குகிறேன். பள்ளி, கல்லூரி மாணவிகளும் நூற்பாலைக்கு வேலைக்குப் போகும் இளம்பெண்களும் தங்கள் ஊர் நிலையைத் தாங்களே பார்த்து எழுதுகிறார்கள். அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர நாம் துணை நிற்கிறோம். இந்தக் குழு எப்படி வேலை செய்கிறது என்று பல கிளைகளிலிருந்து கேட்டிருப்பதால் முறைகளை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி: "இதையெல்லாம் எழுதி எங்கே குடுக்கப் போறீங்க?" மிக அருகில் இருப்பவர்கள் தலைமை ஆசிரியரும் பஸ் பணிமனைக் கிளை மேலாளரும். பாதிக் குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போகும்; தீர்மானப் புத்தகத்தில் ஏறியதுதான் பின்னால் ஆதாரமாகும். அதற்கும் மேலே மாநில மகளிர் ஆணையம், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், மாநில மனித உரிமை ஆணையம். மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்புவதென்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்பியாக வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. அந்த ஓராண்டைப் பதிவு எழுதும் நாளிலிருந்து எண்ணக் கூடாது, சம்பவ நாளிலிருந்து எண்ண வேண்டும்.

கடைசிப் படி ஐ.நா. அவை. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் சீடா உடன்படிக்கையை இந்தியா 1993 ஜூலை 9 அன்று ஏற்புறுதி செய்தது; குழந்தை உரிமை உடன்படிக்கையில் அதற்கு முன்பே, 1992 டிசம்பரில் இணைந்துவிட்டது. அரசு தன் அறிக்கையை அனுப்பும்போது மக்கள் அமைப்புகள் மாற்று அறிக்கை அனுப்பலாம். கிராமப் பெண்களைப் பற்றிய சீடாவின் 14-ஆம் பிரிவில் வீட்டு வசதி, மின்சாரம், குடிநீர் ஆகியவற்றோடு சுகாதார வசதியும் போக்குவரத்தும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. பஸ் நிற்காமல் போவதையும் பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததையும் "சின்ன விஷயம்" என்று ஒதுக்குகிறவர்களிடம் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொரு வழி, எல்லா நாடுகளின் மனித உரிமை நிலையையும் ஐ.நா.வில் முறை வைத்துப் பார்க்கும் உலகளாவிய காலமுறை மீளாய்வு. இந்தியாவின் நான்காம் சுற்று 2022 நவம்பர் 10 அன்று நடந்தது. மற்ற நாடுகள் தந்த 339 பரிந்துரைகளில் 221-ஐ இந்தியா ஏற்றது. இதற்கு ஓர் அமைப்பு தனியாக அனுப்பினால் 2,815 சொல், பல அமைப்புகள் கூட்டாக அனுப்பினால் 5,630 சொல் என்று வரம்பு உண்டு. வந்த அத்தனையையும் சுருக்கி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தயாரிக்கும் ஆவணமே 5,350 சொல்லுக்குள் அடங்க வேண்டும். ஆக, மாநில அளவிலான கூட்டறிக்கை ஒன்றில் நம் ஒன்றியத்துக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. அந்த ஒரு வரியை யாரும் மறுக்க முடியாதபடி தாங்கிப் பிடிக்கத்தான் இத்தனை படிவங்களும்.

பஸ் பதிவு

மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியதிலிருந்து, பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் பஸ் நிற்காது என்ற புகார் எல்லா ஊரிலும் இருக்கிறது. "எப்பவுமே நிக்காது அக்கா" என்று எழுதி அனுப்பினால் பணிமனையிலிருந்து "ஓரிரு முறை நடந்திருக்கலாம், அறிவுறுத்தியுள்ளோம்" என்ற பதில்தான் வரும். அதனால் படிவத்தில் எட்டுக் கட்டங்கள் வைத்தோம்: தேதி, நிறுத்தம், தடம் எண், வர வேண்டிய நேரம், வந்த நேரம், நின்றதா, எத்தனை பெண்கள் காத்திருந்தார்கள், எத்தனை ஆண்கள் காத்திருந்தார்கள்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிற்காத பஸ்ஸை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். நின்ற பஸ்ஸையும் எழுதினால்தான் எத்தனைக்கு எத்தனை என்று சொல்ல முடியும். ஆண்கள் எண்ணிக்கை எதற்கு என்று சில தங்கைகள் கேட்டார்கள். ஆண்களும் நின்ற நேரத்தில் அதே தடம் எண் பஸ் நின்று, பெண்கள் மட்டும் இருந்த நேரத்தில் போய்விட்டது என்று காட்டினால்தான் அது பாகுபாடு. இல்லையென்றால் அது வெறும் பஸ் பற்றாக்குறை. அதற்குக் கேட்க வேண்டிய தீர்வே வேறு. பஸ்ஸில் இடம் இருந்ததா, படியில் தொங்கினார்களா என்பதையும் ஓரத்தில் ஒரு சொல்லில் எழுதச் சொல்கிறோம். நிரம்பி வழிந்த பஸ் நிற்காததை மற்றதோடு சேர்த்து எண்ணினால் நம் கணக்கு முழுவதும் கேள்விக்குள்ளாகும்.

இரண்டு பேர் சேர்ந்துதான் பதிய வேண்டும். ஒருவர் நேரம் பார்க்க, மற்றவர் எழுத. கல்லூரிக்கோ வேலைக்கோ எப்படியும் நிற்கும் நிறுத்தத்தில் மட்டும்தான் பதிவு. இதற்கென்று யாரும் தனியாகப் போய் நிற்கக் கூடாது. குறைந்தது இரண்டு முழு வாரம் பதிய வேண்டும், திங்களும் சனியும் அதில் வர வேண்டும். நடத்துநர், ஓட்டுநர் பெயரை எழுதுவதில்லை. அவர்களில் பலருக்கும் நேரத்துக்குள் நடை முடிக்கும் நெருக்கடி இருக்கிறது. ஒரு தொழிலாளி மீது நடவடிக்கை எடுத்துவிட்டு நிர்வாகம் கை கழுவிவிட இந்தப் பதிவு உதவக் கூடாது.

படிவம் சேர்ந்த பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சங்கத்தின் வயது வந்த உறுப்பினர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் போடுகிறார். மாணவிகள் பெயரில் போடுவதில்லை. "ஏன் நிற்பதில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். குறிப்பிட்ட தடம் எண்ணுக்கு, குறிப்பிட்ட நாள்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தங்களின் பட்டியல், கால அட்டவணை, இயக்கப்பட்ட நடைகளின் பதிவேட்டு நகல் என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். மனு போடும் அன்றே நாட்காட்டியில் இரண்டு தேதியையும் வட்டமிட்டுவிடுங்கள்.

கழிப்பறைப் பதிவு

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி மாணவிகளுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம். "இருக்கிறதா?" என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் "இருக்கிறது" என்றே பதில் வரும், பள்ளி விவரங்களைத் தொகுக்கும் அரசின் யூடைஸ் இணையப் பக்கத்தில் பள்ளி தந்திருக்கும் விவரமும் அப்படித்தான் சொல்லும். எனவே நாம் கேட்பது வேறு. உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா? குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, வாளியும் மக்கும் இருக்கிறதா? சாவி யாரிடம், பாட நேரத்தில் கேட்டால் கிடைக்குமா? நாப்கின் போட மூடியுள்ள கூடை உண்டா, எரியூட்டி இருந்தால் ஓடுகிறதா, ஓடாவிட்டால் அதற்கு மின் இணைப்பாவது கொடுத்திருக்கிறார்களா? ஒரே நாளில் இருமுறை பார்க்க வேண்டும். காலையில் கழுவிவிட்ட பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மதிய உணவு இடைவேளை முடியும் நேரத்தில் பார்த்தால்தான் தொட்டியில் தண்ணீர் மிஞ்சுகிறதா என்று தெரியும்.

பேட்டி எடுக்கும்போது "நேற்று", "போன வாரம்" என்று கேட்க வேண்டும். "தண்ணி வராம கஷ்டமா இருக்கா?" என்றால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நேத்து ஸ்கூல்ல எத்தனை தடவை பாத்ரூம் போனே? போகலன்னா ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலைவரை அடக்கிக்கொள்கிறேன் என்ற பதில் அப்படித்தான் வெளியே வருகிறது.

பதிந்தவளைக் காப்பது

இந்த அறிக்கையில் மிக முக்கியமான பகுதி இது. தகவலைச் சரிபார்க்க வருகிறவருக்கு ஆதாரம் கையில் கிடைக்க வேண்டும். தகவல் தந்த பெண் யார் என்பது மட்டும் கிடைக்கக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்வதுதான் நம் வேலையின் கடினம், அதில் சமரசம் கிடையாது.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சிறிய ஊரில் "தெற்குத் தெருவைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி" என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அப்படி இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒரு விவரத்துக்குள் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் அதை ஊராட்சி அளவிலோ ஒன்றிய அளவிலோ சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதி தெரியும் தெருப் பெயர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

படிவத்தில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி நோட்டில், தனிப் பூட்டில். போட்டோவில் முகம் மட்டுமல்ல, சீருடை, அடையாள அட்டைக் கயிறு, சைக்கிள் எண்கூட வரக் கூடாது. தாழ்ப்பாளை எடுத்தால் தாழ்ப்பாள் மட்டும். இடமும் நேரமும் பதியும் ஜி.பி.எஸ். கேமரா செயலி பள்ளிக் கட்டடத்துக்கும் நிறுத்தத்துக்கும் நல்லது. ஒருவரின் வீட்டில் எடுக்கும்போது அதைத் தொடவே கூடாது. சாதாரணப் படத்துக்குள்ளேயும் இடக் குறிப்பு ஒளிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

ஒப்புதல் மூன்று தனித்தனிக் கையெழுத்து: பேசுவதற்கு, அறிக்கையில் சேர்ப்பதற்கு, போட்டோவுக்கு. 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், அவளுடைய சம்மதமும் வேண்டும். அம்மா சரி சொல்லி மகள் தயங்கினால் பேட்டி இல்லை. எந்தத் தேதிவரை விலகிக்கொள்ளலாம் என்பதைப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறோம்.

"யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்ற வாக்குறுதியை யாரும் தரக் கூடாது. சிறுமி மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காத பெரியவர்களுக்கு 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. குழந்தைகளுக்கு அந்தத் தண்டனை கிடையாது, ஆனால் அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைப்பதே தவறு. ஆகவே நம் படிவங்களில் வன்முறை பற்றிக் கேள்வியே இல்லை. பேச்சினூடே ஒருத்தி சொல்லத் தொடங்கினால் பதிவு செய்யும் பெண் குறுக்குக் கேள்வி கேட்காமல், "நீ சொன்னது நல்லது, அக்காவைக் கூப்பிடுறேன்" என்று பொறுப்பாளரை அழைக்க வேண்டும். அவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிப்பார். அது அதன்பின் அறிக்கையின் பொருள் அல்ல. ஊடகங்கள் கேட்டாலும் பள்ளிப் பெயர், தெருப் பெயர்கூடத் தரக் கூடாது. அடையாளம் காட்டும் விவரங்களாக இவற்றையும் சேர்த்துத்தான் 23-ஆம் பிரிவு தடுக்கிறது.

இதோடு தொடர்புடைய ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். பதிவுக் குழுப் பெண்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்ற அன்பான யோசனை அடிக்கடி வருகிறது. ஆறு மாதம் கட்டிக்காத்த பாதுகாப்பை ஒரு படம் கலைத்துவிடும். பாராட்டு குழுக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். மேற்படிப்புக்கோ வேலைக்கோ சான்றிதழ் கேட்பவருக்குத் தனியாகக் கொடுப்போம்.

ஆலை வேலைக்குப் போகும் தங்கைகள்

இவர்களோடு வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. விடுதியில் தங்குகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்க்க முடிகிறது. ஆலைக்குள் படம் எடுப்பதோ குறிப்பு எழுதுவதோ வேலைக்கே உலை வைக்கும் என்பதால் அதைக் கேட்பதில்லை. சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். பிடித்தம் ஆகியவை அவர்களிடமே இருக்கும் ஆவணங்கள்; அங்கிருந்து தொடங்குகிறோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். "அந்தக் குழு உறுப்பினர்களின் பெயர் சுவரில் ஒட்டியிருக்கிறதா, எந்த மொழியில்?" என்ற ஒரு கேள்வியே நிறையச் சொல்லும். வடமாநிலத்துப் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் தமிழில் மட்டும் ஒட்டியிருந்தால் அவர்களுக்கு அது இல்லாதது போலத்தான். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் முன்னின்று கொண்டுவந்த, ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதற்கான திண்டுக்கல் ஒப்பந்தம், பணித்தளத்தில் நடப்பதைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளர்களுக்கே பயிற்சி தர வழி செய்தது. தொழிற்சங்கத் துணை இல்லாமல் ஆலைக்குள் பதிவு செய்வது அந்தப் பெண்களைத் தனியாக மாட்டிவிடுவதாகும் என்பது செயற்குழுவின் முடிவு.

எழுதுவது, திருப்பிப் படிப்பது

வரைவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து: நேரில் பார்த்தது "பா", பிறர் சொல்லக் கேட்டது "கே", ஆவணத்தில் உள்ளது "ஆ". பக்கத்திலேயே படிவ எண். எழுத்து இல்லாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடிக்கப்படும். ஐ.நா. மீளாய்வுக்குத் தமிழில் அனுப்ப முடியாது. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகிறது. அதனால் ஆங்கில வரைவை மறுபடி தமிழில் வாய்விட்டுச் சொல்லி, எழுதிய பெண்களிடம் ஒப்புதல் வாங்குகிறோம். "பயமா இருக்கு" என்று ஒருத்தி சொன்னது ஆங்கிலத்தில் "அச்சுறுத்தப்பட்டாள்" என்று மாறிவிட்டால், மிரட்டியது யார் என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2009-இல் வெளியிட்ட 12-ஆம் பொதுக் கருத்துரை, குழந்தைகள் பங்கேற்புக்கு ஒன்பது நிபந்தனைகளைச் சொல்கிறது. கடைசி நிபந்தனை, அவர்கள் சொன்னது என்ன ஆனது என்று அவர்களிடமே திரும்பச் சொல்வது. மனுவுக்கு வந்த பதில், கிராம சபைத் தீர்மான நகல் எல்லாம் குழுவின் கோப்பில் அவர்கள் படிக்கும்படி இருக்கின்றன. பதில் வராதவையும் "பதில் இல்லை" என்று தேதியோடு இருக்கின்றன.

பொதுத் தேர்வுக் காலமான பிப்ரவரி, மார்ச்சில் குழு வேலை நிறுத்தப்படும். கூட்டம் எல்லாத் தெருப் பெண்களும் தயங்காமல் வரக்கூடிய நூலகக் கட்டடத்தில், மாலை ஆறு மணிக்குள் முடியும். திருமணமாகிப் போனவர்கள் போன ஊரிலிருந்து தொடர விரும்பினால் அந்த வட்டாரக் கிளை அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை: பெயர்ப் பட்டியல் நோட்டின் பூட்டுக்கு இரு சாவி, ஒன்று துணைச் செயலாளரிடம், மற்றொன்று குழுப் பெண்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம்; அறிக்கை அனுப்பி இரண்டாண்டு ஆனதும் அந்தப் பட்டியலைக் கிழித்து எரிப்பது; வேலை நாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்களுக்கு ஈட்டுப்படி; வரும் ஆண்டில் பஸ் பதிவை மேற்கு ஊராட்சிகளுக்கும் விரிப்பது.

இப்படிக்கு,
செயலாளர்