செவலை அடைக்குப் படுத்துவிட்டது

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தது. மருமகளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. இனி பேரனைப் பார்க்க நீ விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம். இங்கே அறுப்பு முடிந்து களம் வெறிச்சென்று கிடக்கிறது. என் முழங்கால் வலி பழையபடிதான்.

உன் கோழி செவலையின் கதைக்கு வருகிறேன். முட்டையே இல்லாத கூடையில் பகலெல்லாம் பரப்பிக்கொண்டு கிடக்கிறது, கை நீட்டினால் சிலிர்த்துக் கொத்த வருகிறது, கொண்டை வெளுத்துவிட்டது என்று பயந்து எழுதியிருக்கிறாய். நோய் ஒன்றும் இல்லை, அடைக்குப் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் சொன்னார்களே, தண்ணீரில் முக்கி எடு, மூக்கில் இறகைச் செருகு என்று, அதற்கு மட்டும் சம்மதிக்காதே. நம் ஊரில் அப்படிச் செய்ததை எத்தனை முறை கண்டிருக்கிறோம்! மூச்சு முட்டத் தலையை உதறிக்கொண்டு திரியும் அந்தக் கோழிகளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

புரோலாக்டின் என்ற சுரப்பு உடம்பில் ஏறுவதால்தான் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடைகாக்க உட்காருகிறது. இருட்டான மூலையும் மெத்தென்ற வைக்கோலும் அடிவயிற்றுச் சூடும் கிடைக்கும்வரை அது எழாது. ஆகவே அடை தெளிய வேண்டுமென்றால், அடியில் கம்பி வலை போட்ட கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, வெளிச்சமான நிழலில் அதை விடு. வைக்கோல் வேண்டாம், தீனியும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். கீழிருந்து காற்றுப் பட்டால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். வெளியே விட்டதும் கூடைக்கே ஓடினால் இன்னும் இரண்டு நாள் வைத்திரு.

ஆனால் என்னைக் கேட்டால், அடைக்கே விட்டுவிடு. நாட்டுக்கோழிக்கு இது பிறவிக் குணம். இப்போது அடை வைத்தால் மாசியில் பொரித்துவிடும், கோடை வெயில் கடுமையாவதற்குள் குஞ்சுகள் கொஞ்சம் தேறிக்கொள்ளும். உன்னிடம் சேவல் இல்லாததால் உன் முட்டைகள் பொரியாது. என் பெட்டைகள் சேவலோடு திரிபவை. தம்பி மகன் வரும் வாரம் திருச்சிக்கு வருகிறான், புது முட்டையாகப் பத்து எடுத்து உமியில் புதைத்துக் கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் குலுங்கி வரும் முட்டையை உடனே வைக்கக் கூடாது, ஒரு நாள் அசையாமல் இருக்கட்டும். பிறகு இருட்டினதும் செவலையின் வயிற்றடியில் மெல்லத் தள்ளு. மற்றக் கோழிகளும் அதே கூடையில் வந்து முட்டையிடும், அதனால் பென்சிலால் அடையாளம் போட்டுவிடு.

அம்மா அடை முட்டைகளுக்கு நடுவே கரித்துண்டு, வரமிளகாய், இரும்பு ஆணி மூன்றும் வைப்பாள், இடி இடித்தாலும் முட்டை கெடாது என்று. தை மாதத்தில் இடி ஏது? ஆனாலும் நான் வைக்கிறேன். அம்மா வைத்தது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார். சிவப்பு நரம்பு ஓடினால் கரு வளர்கிறது, ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடு. நாள்தோறும் ஒரு தடவையாவது இரை தின்ன இறங்குகிறதா என்று கவனி, இறங்காவிட்டால் நீயே தூக்கி இறக்கு. அடைக்கோழிக்குப் பேன் பற்றும். கூடையில் வேப்பிலை பரப்பு, புரண்டு குளிக்க அடுப்புச் சாம்பல் கலந்த மண் கொட்டி வை. இருபத்தோராம் நாள் பொரிக்கும். கடைசி மூன்று நாளும் கூடையைத் தொடாதே. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கச் சொட்டு மருந்து போட வேண்டும், கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வை.

அடை வைக்க உனக்கு இப்போது தோதுப்படாது என்றால் தயங்காமல் எழுது. முட்டைக்குப் பதிலாக என் கம்பிக் கூண்டைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சரசு