ஸ்கோப்பை கோர்ட்டுக்கு கொண்டு வாங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

காட்பாடியில ஃபேன் ரெகுலேட்டர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர்னு போர்டு வேலை பாக்குறவன் நான், சட்டம் படிச்சவன் இல்ல. ஆனா ஒரு ஸ்விட்ச்சிங் சர்க்யூட் எப்படி வேலை செய்யுதுன்றதுக்கு பேட்டன்ட் அப்பீல்ல ரெண்டு பக்கமும் கட்டு கட்டா அஃபிடவிட் போட்டுக்கினு இருக்குறது எனக்கு புரியவே மாட்டேங்குது சார்.

சாதா ஃபேன் ரெகுலேட்டரையே எடுத்துக்கோங்க. உள்ள இருக்குற டிரையாக்னு ஒரு எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சோட கேட்ல, அதாவது அதை இயக்குற கால்ல, ஒரு பல்ஸ் குடுத்தா ஆன் ஆயிடும், ஆனா அதே கேட்டை வெச்சு ஆஃப் பண்ண முடியாது, ஓடுற கரன்ட் ஹோல்டிங் கரன்டுக்கு, அதாவது அது ஆன்லயே இருக்க வேண்டிய குறைஞ்சபட்ச கரன்டுக்கு, கீழ இறங்கினாத்தான் அதுவா ஆஃப் ஆகும். நம்ம 50 ஹெர்ட்ஸ் லைன்ல செகண்டுக்கு 100 தடவை இது நடக்குது. குண்டு பல்புன்னா வோல்டேஜ் ஜீரோ ஆகும்போதே கரன்டும் ஜீரோ. ஃபேன் காயில் அப்படி இல்ல, வோல்டேஜ் ஜீரோவை தாண்டினப்புறமும் கரன்ட் கொஞ்சம் ஓடிக்கினேதான் இருக்கும், அதுவரைக்கும் டிரையாக்கும் ஆன்தான். இப்போ ஒருத்தர் என் கன்ட்ரோல் சர்க்யூட்தான் ஆஃப் பண்ணுதுன்னு பேட்டன்ட்ல உரிமை கேட்டு கிளெய்ம் எழுதி, இன்னொருத்தர் இல்ல அதுவாத்தான் ஆஃப் ஆகுது, இதுல புதுசா என்ன இருக்குன்னு அப்பீல் போனா, அதுக்கு எத்தினி வாய்தா? கரன்ட், வோல்டேஜோட அலையை திரையில காட்டுற ரெண்டு சேனல் ஸ்கோப்ல (ஆசிலோஸ்கோப்) ஒண்ணுல வோல்டேஜ் ஒண்ணுல கரன்ட் வெச்சு, பல்பையும் ஃபேனையும் மாத்தி மாத்தி மாட்டினா டீ வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும்.

முன்னாடி சென்னையில ஐ.பி.ஏ.பி.ன்னு (அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம்) பேட்டன்ட் கேஸுங்களுக்கு அப்பீல் போர்டு இருந்துச்சு, அதுல டெக்னிகல் மெம்பருங்க இருந்தாங்க. 2021ல அதை கலைச்சு கேஸை எல்லாம் ஹைகோர்ட்டுக்கு மாத்திட்டாங்க. ஜட்ஜய்யாங்களை குறை சொல்லல, அவங்க சால்டரிங் அயர்ன் புடிச்சு வளர்ந்தவங்க இல்லையே. ஆனா 1970 பேட்டன்ட் சட்டத்துல 115வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, யாரும் மனு போடலன்னாலும் கோர்ட்டே எந்தப் பக்கமும் சேராத ஒரு சயின்டிஃபிக் அட்வைசரை போட்டு விசாரிச்சு ரிப்போர்ட் கேக்கலாம், ஆனா சட்டத்துக்கு அர்த்தம் சொல்றதுக்கு அவருக்கு இடமில்ல. இதை ஏன் மொத ஹியரிங்லயே பண்ணக்கூடாது? பேட்டன்டோட ஆயுசே 20 வருஷம், அதுவும் அப்ளிகேஷன் போட்ட தேதியிலிருந்தே ஓட ஆரம்பிச்சிடுது.

வர்ற அட்வைசர் ரூம்ல உக்காந்து எழுதி அனுப்பாம ரெண்டு கட்சி வக்கீலையும் பக்கத்துல நிக்க வெச்சு அளக்கணும். என்ன லோடு மாட்டினாருன்னு ரிப்போர்ட்ல கட்டாயம் இருக்கணும் சார், பல்பு மாட்டி அளந்துட்டு ஃபேனுக்கும் இதேதான்னு எழுதுற ஆளுங்களும் இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு போர்டு மெக்கானிக்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்