வடிகட்டாத பதிவைக் கேளுங்கள்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரவத்தில் இருக்கும் மூலக்கூறுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடிக்கும் ஆய்வுகளை வெளியிடும் இதழ்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு புரதம் தண்ணீருக்குள் நெளிவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. நுண்ணோக்கிக்குள் வெற்றிடம்; திறந்து வைத்த நீர் உடனே ஆவியாகிவிடும். 2017இல் நோபல் பரிசு பெற்ற உறைநிலை முறை, நீரைக் கண்ணாடிபோல் உறையவைத்து அந்தத் தடையைக் கடந்தது. ஆனால் அதில் அசைவு நின்றுபோகிறது. அசைவைக் காணத்தான், நீரை ஆவியாகவிடாமல் மூடி அடைத்துவைக்கும் திரவக் கலங்கள் வந்தன. 2012இல் பெர்க்லி ஆய்வாளர்கள் இரண்டு கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன்) ஏடுகளுக்கிடையே கரைசலை அடைத்து, பிளாட்டினம் நானோபடிகங்கள் வளர்வதைப் படமாக்கினார்கள். 2022இல் மான்செஸ்டர் குழு, உப்புநீருக்குள் தனித்தனிப் பிளாட்டினம் அணுக்கள் இடம்பெயர்வதையே காட்டிவிட்டது.

பிளாட்டினம் கனமான அணு; எடுப்பாகத் தெரியும். புரதத்தின் கார்பனும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சுற்றியுள்ள நீரைப்போலவே இலேசானவை, பின்னணியோடு கலந்துவிடும். தெளிவுக்காக எலக்ட்ரான் கற்றையைக் கூட்டினால் நீரே சிதைகிறது. எளிதில் வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களும் ஹைட்ரஜனும் உருவாகின்றன, கரைசலின் அமிலத்தன்மை மாறுகிறது, குமிழ்கள்கூடக் கிளம்பும். புரதத்தின் பிணைப்புகள் அறுபடும். அப்போது நாம் பார்ப்பது இயல்பான அசைவா, அடிபட்ட மூலக்கூறின் துடிப்பா?

கற்றையைக் குறைத்தாலோ, படம் முழுக்க இரைச்சல், அதாவது தாறுமாறான புள்ளிகள். வெறும் இரைச்சலாலான ஏராளமான படங்களை ஐன்ஸ்டீனின் நிழற்படத்தோடு ஒவ்வொன்றாகப் பொருத்தி, சராசரி எடுத்தால் ஐன்ஸ்டீன் முகமே வந்து நிற்கும். 2013இல், பின்னர் அந்த நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிச்சர்ட் ஹெண்டர்சன் உறைநிலைத் துறையினரை இதைச் சொல்லித்தான் எச்சரித்தார். திரவத் துறைக்கு அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பேன். உறைந்த மாதிரியில் ஒரே வடிவத்தின் ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்துச் சரிபார்க்கலாம். அசையும் ஒற்றை மூலக்கூறுக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே கேட்கிறேன். சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு (ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நொடிக்கு எத்தனை எலக்ட்ரான்கள் பாய்ந்தன, மொத்தம் எத்தனை என்ற கணக்கு இல்லாத கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பாதீர்கள். மூலக்கூறு இல்லாத வெறும் கரைசலை அதே கலத்தில், அதே கற்றையில் எடுத்த பதிவையும் கேளுங்கள். அந்த வெற்றுக் கரைசலிலும் 'மூலக்கூறு' நெளிந்தால் அது மூலக்கூறு அல்ல. இரைச்சலை நீக்காத, வடிகட்டாத முழுப் பதிவுகளை, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கான எம்பையர் (EMPIAR) போன்ற பொதுக் காப்பகத்தில் இடச் சொல்லுங்கள். உறைநிலைத் துறையினர் பலர் ஏற்கெனவே அங்கே இடுகிறார்கள். இவற்றைக் கேட்கும் மதிப்பீட்டாளரைத் தாமதம் செய்பவராகக் கருதாமல், அவருக்கு வேண்டிய காலத்தைக் கொடுங்கள்.

அன்புடன்,
எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு பணிபுரியும் ஓர் ஆய்வாளர்