கிளை நூலகக் கட்டட நிதி: இன்னும் ரூ.1,88,000 வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

நம் கிளை நூலகக் கட்டட வேலைக்கு மதிப்பீடு ரூ.18,00,000. நமக்கு நாமே திட்டத்தின்படி மூன்றில் ஒரு பங்கான ரூ.6,00,000-ஐ ஊர் கட்டினால், மீதி ரூ.12,00,000 அரசிடமிருந்து வரும். இன்றுவரை சேர்ந்தது ரூ.4,12,000. மார்ச் 10-க்குள் மாவட்ட ஆட்சியர் பெயரில் டி.டி. எடுத்தாக வேண்டும். நம் பங்கு குறைந்தால் அரசுப் பங்கும் வராது. நிதியாண்டு தாண்டினால் புது விலைப்பட்டியலில் மதிப்பீடு போட வேண்டிவரும், நம் பங்கும் ஏறும்.

“வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, பிறகு நன்கொடை எதற்கு?” என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய், மாவட்டத்தின் எல்லா நூலகங்களுக்கும் செய்தித்தாள், இதழ், மின்கட்டணம், வாடகை என்று பிரிகிறது. புத்தகம் வாங்க, மத்திய அரசு 1972-ல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநில அரசு போடும் பங்கோடு தன் பங்கையும் சேர்த்துத் தருகிறது. புத்தகம் வந்துவிடுகிறது. அதை வைக்கும் கூரைதான் ஒழுகுகிறது.

மேல்தளத் தட்டோடுகளின் இணைப்பு விட்டுப்போயிற்று. மழைநீர்க் குழாய் வாயை வேப்பஞ்சருகு அடைத்துக்கொள்ள, தண்ணீர் இரண்டு மூன்று நாள் தேங்கி நிற்கிறது. உள்ளே இறங்கும் நீரில் கம்பி துருவேறிப் பருத்து, காரையைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அகராதி அலமாரிக்கு நேர் மேலே கம்பி வெளியே தெரிகிறது. மேலே பூச்சு மட்டும் அடித்தால் போதாதா என்றால், ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். பழைய தட்டோடுகளைப் பெயர்த்து, கம்பியின் துருவைத் தேய்த்தெடுத்து, காரையைக் கட்டி, குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்து மறுபடி ஓடு பதிக்க ரூ.6,20,000.

சுவர் ஈரத்தோடு கரையானும் ஏறிவிட்டது. சுவரோரம் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கி, தரையைச் சரிசெய்ய ரூ.1,10,000. இனி அலமாரிகள் சுவரைவிட்டு அரை அடி தள்ளியே நிற்கும். நனைந்த புத்தகத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போட்டால் அட்டை முறுக்கிக்கொள்ளும். பக்கங்களுக்கிடையே வெள்ளைத்தாள் செருகி மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் வாசகர்கள் இதைச் செய்தும் கதைநூல் வரிசையில் பாதி போய்விட்டது.

போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கு 300 சதுர அடி அறை ரூ.7,20,000. பெண்களுக்குக் கழிப்பறை ரூ.1,90,000, இது இல்லாததால்தான் குரூப் 4 படிக்கும் பெண் பிள்ளைகள் மதியத்தோடு வீடு திரும்புகிறார்கள். மின்கம்பி, இரும்பு அலமாரி ரூ.1,60,000.

இந்த மண்ணுக்கு நூலகம் புதிதல்ல. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் அரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். 1931-லேயே மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தப் பெருமை பேசும் பெரியவர்கள் நம் ஊரில் நிறைய. வண்டி கட்டிப் புத்தகம் கொண்டுபோன மண்ணில், அலமாரிக்கு மேல் தார்ப்பாய் கட்டிவைத்திருக்கிறோம் என்பதையும் அவர்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

இதுவரை கொடுத்தவர்களுக்குக் குழு கைகூப்பி நன்றி சொல்கிறது. சேமிப்பிலிருந்து எடுத்துத் தந்த மகளிர் சுயஉதவிக் குழுத் தாய்மார்களுக்கு, ஓய்வூதியத்தில் மாதந்தோறும் ஒதுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பிள்ளைகளுக்கு, நூறு நாள் வேலைக் கூலியில் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்த அக்காமார்களுக்கு, உண்டியலை உடைத்துக் கொட்டிய பள்ளிக் குழந்தைகளுக்கு. கலைமகள் அருள் உங்கள் வீடுகளில் நிறையட்டும்.

இந்த நூலக மேசையில் படித்து அரசு வேலைக்குப் போனவர்கள் பலர் இன்னும் மறுமொழி தரவில்லை. பெயர் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அந்த மேசைக்கு நீங்கள் பட்ட கடனை உங்களைவிட வேறு யார் அறிவார்? திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே இரவில் வசூலாகும் ஊர் இது. கோயில் திருப்பணிக்குக் கொடுக்கும் அதே கையால் இதற்கும் கொடுங்கள், இதுவும் புண்ணியமே.

ஆயிரம் ரூபாய் வீதம் 188 பேர் கொடுத்தால் போதும். பழைய பாடநூல் மூட்டைகளைத் தயவுசெய்து இப்போது கொண்டுவர வேண்டாம், வைக்க இடமில்லை. பணமாகத் தருவோர் மாலை ஐந்து மணிக்குமேல் நூலகத்தில் வாசகர் வட்டச் செயலாளரிடம் கொடுத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவுப் பட்டியல் வாசல் பலகையில் தினமும் ஒட்டப்படும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை; அன்று குழுவினர் வீடு வீடாக வருவோம்.

இப்படிக்கு,
கட்டடப் பணிக் குழு, வாசகர் வட்டம்