பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்கு இல்லாத வரியும் கூடுதல் கட்டணமும் பிடித்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பழைய புத்தக விற்பனையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
விற்பனையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 10.03.2025

பொருள்: பழைய தமிழ் காமிக்ஸ் இதழ்களைச் 'சேகரிப்புப் பொருட்கள்' பிரிவுக்கு மாற்றியது, ஜிஎஸ்டி என்ற பெயரில் பணம் பிடித்தது, பான் எண் இருந்தும் 5 சதவீத டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தது, இதழை மாற்றி வைத்துத் திருப்பி அனுப்பிய ரிட்டர்னை ஏற்றது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் பழைய தமிழ் காமிக்ஸ் விற்று வருகிறேன். 1972-இல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் வந்த ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்கள்தான் என்னிடம் அதிகம். மூடிவிட்ட வாடகை நூலகங்களிலிருந்தும், பரணை ஒழித்துப் போடுகிறவர்களிடமிருந்தும், பழைய பேப்பர் கடைகளிலிருந்தும் வாங்குகிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்து, கிழிசலோ கறையோ இருந்தால் அதையும் படம் எடுத்துப் போட்டுத்தான் விற்கிறேன். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட நாட்களில் இவற்றைப் படித்துவிட்டு, இப்போது தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் உங்களுக்குக் கமிஷன் கொடுக்கும் வாடிக்கையாளர் என்ற முறையில் இந்தப் புகாரை எழுதுகிறேன்.

கடந்த நவம்பர் வரை என் இதழ்கள் எல்லாம் 'புத்தகங்கள்' பிரிவில் இருந்தன. நவம்பரில் என்னிடம் கேட்காமலே அவற்றைச் 'சேகரிப்புப் பொருட்கள்' பிரிவுக்கு மாற்றிவிட்டீர்கள். பழைய நாணயம், அஞ்சல்தலை, பொம்மைக் கார் ஆகியவற்றோடு மாயாவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரிவு மாறியதோடு போயிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்த ஒரு மாற்றத்தால் வரி மாறியது, கமிஷன் மாறியது, கூரியர் கட்டணமும் மாறியது.

ஓர் ஆர்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். டிசம்பரில் கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் முத்து காமிக்ஸ் இதழ்கள் மூன்றைச் சேர்த்து ரூ. 2,800-க்கு வாங்கினார். என் வங்கிக் கணக்குக்கு வந்தது ரூ. 1,550.52. நீங்கள் அனுப்பிய கணக்கின்படி ஜிஎஸ்டி என்று ரூ. 300, டிடிஎஸ் என்று ரூ. 140, கமிஷன் 18 சதவீதம் ரூ. 504, அதற்கு ஜிஎஸ்டி ரூ. 90.72, நிலைக் கட்டணம் (ஒவ்வொரு ஆர்டருக்கும் பிடிக்கும் மாறாத தொகை) ஜிஎஸ்டியோடு ரூ. 47.20, கூரியர் ஜிஎஸ்டியோடு ரூ. 167.56 பிடிக்கப்பட்டிருக்கிறது. அதே பொருள் புத்தகப் பிரிவில் இருந்திருந்தால் கமிஷன் 8 சதவீதம், அதாவது ரூ. 224, அதற்கு ஜிஎஸ்டி ரூ. 40.32, நிலைக் கட்டணம் அதே ரூ. 47.20, அரைக் கிலோ கூரியர் ரூ. 82.60. எனக்கு வந்திருக்க வேண்டியது ரூ. 2,405.88. இந்த ஓர் ஆர்டரில் மட்டும் ரூ. 855.36 குறைகிறது. பழைய இதழ்களை வாங்கிய விலை, அட்டை, பிளாஸ்டிக் உறை, பேக்கிங் எல்லாம் போக இதில் எனக்கு மிஞ்சும் லாபமே அவ்வளவு இருக்காது.

முதலில் அந்த 300 ரூபாயைப் பற்றி. அச்சிட்ட நூல்கள் ஜிஎஸ்டி அட்டவணையில் 4901 என்ற தலைப்பில் வருகின்றன. அவற்றுக்கு வரி இல்லை. காமிக்ஸ் நூல் அல்ல, மாதாமாதம் வந்த இதழ் என்று யாராவது வாதிட்டால் அது பருவ இதழ்களுக்கான 4902-இல் வரும். அதற்கும் வரி இல்லை. குழந்தைகளுக்கான படப் புத்தகம் என்று சொன்னால் 4903, அதற்கும் இல்லை. நீங்கள் போட்டிருக்கும் 9705 என்ற தலைப்பு விலங்கியல், தாவரவியல், கனிமவியல், வரலாறு, தொல்லியல் போன்ற துறைகளுக்கான சேகரிப்புகளுக்கு உரியது. 2024 டிசம்பரில் 12 சதவீத வரி அதற்குத்தான் இருந்தது. சிவகாசியில் அச்சாகிப் பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு கதைப் புத்தகம், ஐம்பது வருடம் பத்திரமாக இருந்தது என்பதற்காகப் புத்தகம் இல்லை என்று ஆகிவிடாது. அதன் விலை ஏறியிருக்கலாம். படிக்க வேண்டிய கதை உள்ளே அப்படியே இருக்கிறது, வாங்குகிறவர் அதைப் படிக்கத்தான் வாங்குகிறார்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது கோவை வாசகருக்கு நீங்கள் கொடுத்த இன்வாய்ஸ். அவர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். விற்பவர் என்று என் பெயர். அடிப்படை விலை ரூ. 2,500, மத்திய ஜிஎஸ்டி ரூ. 150, மாநில ஜிஎஸ்டி ரூ. 150. ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடம் காலி. ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவர் வரி என்று எந்தத் தொகையையும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 32-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆக, நான் செய்யாத, செய்யவும் கூடாத ஒரு காரியத்தை நான் செய்ததாக உங்கள் இன்வாய்ஸ் காட்டுகிறது. "என்ன சார், புத்தகத்துக்கு வரி போட்டிருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல வருடமாக என்னிடம் நம்பி வாங்குகிற மனிதர் அவர்.

சரி, அந்த 300 ரூபாய் இப்போது யாரிடம் இருக்கிறது? என் கைக்கு வரவில்லை. வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று 76-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் செலுத்தியிருந்தால் எந்தப் பதிவு எண்ணின் கீழ், எந்த மாதக் கணக்கில் செலுத்தினீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். செலுத்தவில்லை என்றால் வாங்கியவருக்கும் எனக்கும் அதற்குக் கணக்குக் காட்டுங்கள்.

உங்கள் உதவி மையத்தில் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பேசினார், பதில் மட்டும் ஒன்றுதான்: "ஜிஎஸ்டி எண் எடுத்துப் பதிவேற்றுங்கள், தானாகச் சரியாகிவிடும்." வரியே இல்லாத பொருளை மட்டும் விற்கிறவருக்குப் பதிவு தேவையில்லை என்று 23-ஆம் பிரிவு சொல்கிறது. ஆன்லைனில் விற்றாலும் அதுதான் நிலை. நீங்களே முன்பு என் கணக்கைத் திறந்தபோது 'புத்தகங்கள் மட்டும்' என்று குறித்து, ஜிஎஸ்டி எண் இல்லாமல் அனுமதித்தீர்கள். இப்போது நான் பதிவு எடுத்தால் விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு ஒரு கணக்கருக்கு மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியிராத வியாபாரத்துக்கு இந்தச் சுமை எதற்கு? உங்கள் சாப்ட்வேரில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து டிடிஎஸ். இந்த 2024-25 நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவின்படி, தனிநபர் ஒருவர் பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்து, ஒரு நிதியாண்டில் தளத்தின் வழியாக நடந்த விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் டிடிஎஸ் பிடிக்கவே வேண்டாம். என் விற்பனை அந்த எல்லையின் பக்கத்தில்கூட இல்லை. தாண்டினாலும் 2024 அக்டோபர் 1 முதல் விகிதம் 0.1 சதவீதம்தான். அந்தக் கணக்கில் ரூ. 2,800-க்கு ரூ. 2.80 வரும். நீங்கள் பிடித்தது ரூ. 140. இது 5 சதவீதம், பான் எண்ணும் ஆதாரும் கொடுக்காதவருக்கான விகிதம். என் பான் எண் சரிபார்க்கப்பட்டது என்று உங்கள் தளத்திலேயே பச்சை நிறத்தில் டிக் போட்டுக் காட்டுகிறது. அந்தப் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பிடித்த பணமாவது என் பெயரில் சேர்ந்திருக்கிறதா என்று, பிடித்த வரியின் கணக்கைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தேன். எதுவும் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு, வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழை பிப்ரவரி 15-க்குள் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. பான் எண் இல்லாமல் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால், திருத்தக் கணக்கை நீங்கள் தாக்கல் செய்தால் ஒழிய என்னால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவே முடியாது. நிதியாண்டு முடியப் போகிறது. "ரீஃபண்டில் வாங்கிக்கொள்ளலாம்" என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். 26ஏஎஸ்-இல் இல்லாத பணத்தை எந்த ரீஃபண்டில் வாங்குவது?

கூரியர் விஷயம் சிறியது, ஆனாலும் சொல்ல வேண்டும். மூன்று இதழ்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து நான் கட்டுகிற பார்சல் 24 செ.மீ. நீளம், 18 அகலம், 3 உயரம். எடை 400 கிராம். நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுக்கும் உங்கள் முறைப்படியே அது கால் கிலோவுக்குச் சற்று மேல்தான். எப்படிப் பார்த்தாலும் அரைக் கிலோவுக்குள் அடங்கும். 'சேகரிப்புப் பொருட்கள்' என்றதும் உங்கள் சாப்ட்வேர் தானாக 30, 25, 10 என்று ஒரு பெட்டி அளவை வைத்து ஒன்றரைக் கிலோவுக்குக் கட்டணம் போடுகிறது. பொம்மைக்கு அது பொருந்தலாம்.

இனி ரிட்டர்ன். ஜனவரியில் எழுபதுகளின் மாயாவி இதழ் ஒன்றை ரூ. 1,900-க்கு ஒருவர் வாங்கினார். 'எதிர்பார்த்தபடி இல்லை' என்று திருப்பி அனுப்பினார். பார்சலைப் பிரித்தால் உள்ளே இருந்தது அதே கதையின் பிற்கால மறுபதிப்பு. நான் அனுப்பியதில் தாள் பழுப்பேறியிருந்தது, ஊக்குகள் துருப்பிடித்திருந்தன, முதல் பக்கத்தில் ஒரு வாடகை நூலகத்தின் ஊதா நிற முத்திரை இருந்தது. இவை எல்லாம் விற்பனைப் பக்கத்தில் நான் போட்ட படங்களிலேயே தெரிகின்றன. திரும்பி வந்ததில் தாள் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, முத்திரை இல்லை. பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவையும் அனுப்பினேன். அதற்கு உங்கள் பதில்: "தலைப்பு ஒன்றே என்பதால் சரியான பொருள் திரும்பியுள்ளது. கோரிக்கை முடிக்கப்பட்டது."

கமிஷன் ஏன் 18 சதவீதம் என்று கேட்டபோது, சேகரிப்புப் பொருட்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பும் பாதுகாப்பும் தருவதால்தான் என்று எழுதியது நீங்கள். அந்த மின்னஞ்சல் என்னிடம் இருக்கிறது. அப்படியானால் இந்த ரிட்டர்னை யார் சரிபார்த்தார்கள்? கட்டணம் வாங்கும்போது அது சேகரிப்புப் பொருள், எனக்கு நஷ்டம் வரும்போது மட்டும் எந்தப் பதிப்பாக இருந்தாலும் ஒன்றுதான் என்கிற சாதாரணப் பழைய புத்தகம். இந்த இரண்டு பேச்சும் ஒரே நிறுவனத்திடமிருந்து வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பதிப்புக்கும் மறுபதிப்புக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாதவர்கள் இந்தப் பிரிவுக்குக் கூடுதல் கமிஷன் வாங்கக் கூடாது. அந்த இதழ் இன்னொரு பிரதி எனக்குக் கிடைக்குமா என்பதே சந்தேகம்.

பிரிவு மாற்றத்தால் இன்னொரு கெடுதலும் நடக்கிறது. புத்தகப் பிரிவில் 'முத்து காமிக்ஸ்' என்று தேடுகிறவர் கண்ணுக்கு என் இதழ்கள் இப்போது படுவதில்லை. ஐம்பது ரூபாய், எண்பது ரூபாய்க்கு நான் போடும் ராணி காமிக்ஸ் இதழ்களும் அப்படித்தான் மறைந்து கிடக்கின்றன. நிலைக் கட்டணமும் ஒன்றரைக் கிலோ கூரியரும் சேர்ந்தால் அந்த விலைக்கு அவற்றை விற்கவே முடியாது. விலையை ஏற்றினால், பிள்ளைக்கு ஒரு பழைய காமிக்ஸ் வாங்கிக் கொடுக்க நினைக்கிற ஒரு சாதாரண வாசகர் விலகிப் போய்விடுவார். அவர்களுக்காகத்தான் குறைந்த விலை இதழ்களை நான் நிறுத்தாமல் வைத்திருக்கிறேன்.

ஆகவே என் இதழ்கள் அனைத்தையும் உடனே புத்தகப் பிரிவுக்கு மாற்றித் தாருங்கள். நவம்பர் முதல் கூடுதலாகப் பிடித்த கமிஷன், அதன் மீதான ஜிஎஸ்டி, கூரியர் வித்தியாசம் ஆகியவற்றை என் கணக்கில் வரவு வையுங்கள். பதிவு இல்லாத எனக்கு அந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்கவும் வழி இல்லை என்பதைக் கவனிக்கவும். ஜிஎஸ்டி என்று பிடித்த தொகைக்குக் கணக்குக் காட்டி, வாங்கியவர்களுக்குத் திருத்திய இன்வாய்ஸ் அனுப்புங்கள். என் பான் எண்ணோடு டிடிஎஸ் திருத்தக் கணக்கைத் தாக்கல் செய்து 16ஏ தாருங்கள். ரிட்டர்ன் கோரிக்கையை மறுபடி திறந்து, படங்களைப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், ரூ. 1,900-ஐயும் திருப்பித் தாருங்கள். ஆர்டர் வாரியான கணக்கு, இன்வாய்ஸ் நகல், பான் சரிபார்ப்புப் படம், 26ஏஎஸ் நகல், ரிட்டர்ன் வீடியோ எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கோவை வாசகர் தன் இன்வாய்ஸ் பற்றித் தனியாகப் புகார் அனுப்புகிறார். 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி அவருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் நீங்கள் தர வேண்டும். எனக்கும் அதே காலத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் ஜிஎஸ்டி விஷயத்தை வணிகவரித் துறைக்கும், டிடிஎஸ் விஷயத்தை வருமான வரித் துறைக்கும் இதே ஆவணங்களோடு எழுதுவேன். உதவி மையத்திலிருந்து போனில் வரும் பதிலை இனி பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
விற்பனையாளர்,
திருச்சிராப்பள்ளி.